பின்னால் வந்த தாத்தா

கீமேன் ஞானதாஸ் யாரையும் லேசில் நம்பமாட்டார். அதற்காக அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. ரயில்வே அவருக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்குத்தான். தோளில் சுத்தியலும் கையில் கொடியுமாக அம்பாத்துரைப் பக்கம் தண்டவாளத்தோடு நடந்து, ஒவ்வொரு கவ்வியையும் தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை. நேற்று இறுக்கமாக இருந்த கவ்வி இன்றைக்கும் இறுக்கமாக இருக்கும் என்று நினைக்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகு தண்டவாளம் போய்விட்டது, தட்டிப் பார்க்கிற புத்தி போகவில்லை. பால்காரர் ஊற்றுகிற பால், டாக்டர் எழுதுகிற மாத்திரை, பங்குச்சாமியார் பிரசங்கத்தில் யாரை மனசில் வைத்துக்கொண்டு பேசினார் என்பது வரைக்கும் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்.

கால்களும் சும்மா இருக்கவில்லை. தினமும் நடந்தே பழகிய கால்களை வீட்டில் மடக்கி வைத்தால் ராத்திரியில் குடைச்சல் எடுத்தது. விடியற்காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தார். முதலில் தெருமுக்கு வரை, அப்புறம் பைபாஸ் வரை. பெரியவர்களுக்கான போட்டி எங்கே நடந்தாலும் பஸ் ஏறிப் போய் ஓடிவிட்டு வருவார். அறுபதைத் தாண்டிய மனுஷனுக்கு அதில் ஒரு கிறுக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மழை பெய்தால் வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆடிக் கடைசியில் வடமதுரை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரம் அப்படியே சரிந்துவிட்டார். பூ மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போன வேன்காரர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். செவ்வந்தி மூட்டைகளுக்கு நடுவில் மல்லாந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி நினைவில் பூ வாசம் அடித்ததும், சரி, நம்மை எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டாராம். நெஞ்சுக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஐப்பசியில் மறுபடி சோதனை செய்துபார்த்த டாக்டர், மெதுவாக ஓடலாம், ஆனால் தனியாக வேண்டாம், கூட ஒரு ஆள் இருக்கட்டும் என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. கூட ஆள் என்றால் யார்? எதற்கு? ஞானதாஸ் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார்.

"மழையிலயும் பனியிலயும் லைன்ல ஒத்தையில நடந்தவன் நான். அப்ப எவன் பின்னாடி வந்தான்? இப்ப ஆள் வச்சு ஓடுறதுக்கு நான் என்ன பரோல்ல வந்தவனா? எவனாச்சும் என் பின்னாடி வாரதப் பாத்தேன், அப்பவே நின்னுருவேன். அவன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் பேசவில்லை. அவளுக்குப் பேச்சு குறைவு. வாசலில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள், அந்த இரைச்சலுக்கு மேலே கத்துவானேன் என்று பேச்சையே சுருக்கிக்கொண்டவள். பீரோவைத் திறந்து அவருடைய ஷூவை உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியை முந்தியில் முடிந்துகொண்டு மாவு அள்ளப் போனாள். ஒரு மாசம் ஷூ பீரோவுக்குள்ளேயே கிடந்தது. ஒரு மாசமும் ஞானதாஸ் வீட்டுக்குள் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்து தரையைத் தேய்த்தார். கடைசியில் அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் தாத்தா ஓட்டம் வருதுல்ல, அதுல ஓடுங்க. விழாம, நிக்காம, உங்க கால்ல வந்து சேந்தீங்கன்னா அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கமாட்டேன். தடுமாறுனீங்கன்னா ஷூவக் குப்பையில போட்டுட்டு வடமதுரைக்குக் கெளம்பிருவோம். மாப்ள மாடியில ரூம் போட்டு வச்சிருக்காரு."

அவள் சொன்னால் அதில் திருத்தம் கிடையாது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியும். ஓடினால் ஓட்டம். விழுந்தால் வடமதுரை மாடி ரூம். அவருக்கு நெஞ்சில் அடித்தது அந்த ரூம்தான். மருமகன் ஸ்டீபன்ராஜ் எதற்கு மாடியில் ரூம் போடுகிறான்?

ஸ்டீபன்ராஜ் தங்கமான பையன் என்று பெண் கேட்டு வந்தபோதே ஊரெல்லாம் சொன்னது. ஞானதாசுக்கு அதுவே முதல் சந்தேகம். ஒருத்தன்கூட ஒரு குறை சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம்? மகள் நான்சி பிடித்த பிடியில் நின்றதால் கட்டிக் கொடுத்தார். வடமதுரையில் உரக்கடை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான் எழுந்திருப்பான். உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி முன்னால் நின்றது. பஸ்ஸுக்கு ஓடச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்பான். வரும்போதெல்லாம் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வருவான். எதற்கு ஒவ்வொரு தடவையும் பழம்? ஆஸ்பத்திரியிலிருந்து மாமனார் வந்த வாரம், கேட்காமலே ஆள் கூட்டிவந்து குளியலறையில் பிடிமானக் கம்பி அடித்துக் கொடுத்தான். அடித்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, நல்ல கட்டடம் அத்தை, இன்னும் நாப்பது வருஷம் தாங்கும் என்றான். சரிதான், வீட்டுக்கு விலை போடுகிறான் என்று ஞானதாஸ் முடிவு கட்டினார். சந்தேகம் வந்த மனுஷனுக்கு இரும்புக் கம்பியும் சாட்சிதான்.

ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டில் என்னென்னவோ நடந்தது. இஞ்ஞாசியம்மாள் கொல்லைப்புறம் நின்று போனில் தணிந்த குரலில் பேசினாள். இவர் பக்கத்தில் போனதும், சரி வைக்கிறேன் என்று வைத்தாள். நான்சி வந்திருந்தபோது, அவரு ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட எந்திரிச்சிருறாரும்மா என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தவள், அப்பாவைக் கண்டதும் அதிரசத்துக்குப் பாகு பதம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் இஞ்ஞாசியம்மாளும் அவள் சொந்தக்காரன் ரொனால்டும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டத்துக்குரிய சிவப்பு அங்கியை வாங்கி வந்த ஸ்டீபன்ராஜின் பைக்குள் ஒன்றுக்கு இரண்டு அங்கி இருந்தது. எதற்கு மாப்ள ரெண்டு என்று கேட்டதற்கு, கடைக்கு வரும் கேரல் பாட்டுக் குழுவுக்கு மாமா என்றான். சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

ஆள் போடுகிறார்கள் என்று ஞானதாசுக்குத் தெளிவாகிவிட்டது. யார் என்பதிலும் அவருக்குக் குழப்பமில்லை. ரொனால்டுதான்.

ரொனால்டு இஞ்ஞாசியம்மாளுக்குச் சித்தப்பா மகன், எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறவன். அந்த மாதா கோயில் பங்கில் பல வருஷமாக அவன்தான் கேரல் தாத்தா. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் தெருத்தெருவாக டிரம்மும் பாட்டுமாகக் குழு வரும். வயிற்றில் தலையணை கட்டி, பிளாஸ்டிக் முகமூடி போட்டுத் தாத்தா ஆடுவார். தாத்தா வாய் திறக்கக் கூடாது. பேசினால் யாரென்று தெரிந்துவிடும். கை கொடுப்பார், மணியை ஆட்டுவார், அவ்வளவுதான். இந்தப் பங்கில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொபுக்கென்று வாசலில் விழுவார். செத்தமாதிரி கிடப்பார். வீட்டுப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால்தான் எழுந்து மிட்டாய் கொடுப்பார். ரொனால்டு விழுகிற விழுச்சிக்கென்றே சனம் வாசலில் காத்திருக்கும். போன வருஷம் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா நிஜமென்று அலறிவிட்டாள். அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

அந்த ரொனால்டைத்தான் பின்னால் அனுப்பப்போகிறார்கள், நடுவழியில் என்னவாவது செய்து என்னை நிறுத்தப்போகிறார்கள் என்று ஞானதாஸ் கணக்குப் போட்டார். நின்றுவிட்டால் வடமதுரை. வீடு காலி. திட்டம் நல்ல திட்டம்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தார்.

மார்கழி பிறந்து முதல் ஞாயிறு. மலைக்கோட்டை இருந்த இடத்தில் பனிதான் நின்றது. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் மாதா கோயில் ஸ்பீக்கர், இரண்டும் ஒன்றையொன்று விடுவதாயில்லை. கோயில் மைதானம் முழுக்கச் சிவப்பு அங்கி. ஆண், பெண், சிறுசு, பெருசு எல்லாரும் தாத்தா. ஓரத்தில் மூன்று அடுப்பில் பிரியாணி தம் போட்டிருந்தது. ஓடி முடித்தவர்களுக்கு ஒரு தட்டு. சீரகச் சம்பா வாசத்தில், ஓட வந்த பாதிப் பேருக்கு ஓடாமலே முடித்துவிடலாமா என்று இருந்தது.

இஞ்ஞாசியம்மாள் பீரோவிலிருந்து எடுத்துவந்த ஷூவைத் தானே குனிந்து மாட்டிவிட்டாள். இரண்டு பேரீச்சம்பழத்தை அவர் கையில் வைத்தாள். மெதுவா ஓடுங்க, யாரையும் முந்த வேணாம் என்று சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அதையும் ஞானதாஸ் கவனித்தார். நம்மை ஏமாற்றுகிற குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். மாப்ள வரலையா என்று கேட்டார். கடையில லோடு இறங்குதாம் என்றாள்.

விசில் அடித்ததும் சிவப்புக் கூட்டம் ரோட்டில் வழிந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கே திரும்ப வேண்டும், ஐந்து கிலோமீட்டர். முதல் திருப்பத்திலேயே ஆளாளுக்கு முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிளாஸ்டிக்குக்குள் மூச்சு விட்டால் முகமெல்லாம் வேர்க்கும், தாடிப் பஞ்சு வாய்க்குள் போகும். ஞானதாசும் தூக்கிவிட்டுக்கொண்டு தன் பழைய நடையில் ஓடினார். தண்டவாளக் கட்டைகளை எண்ணுகிற மாதிரி ஒரே சீரான அடி. உடம்பு அதை மறக்கவில்லை. பனிக்காற்று நெஞ்சுக்குள் போய்வந்தது. நாலு மாசம் கழித்து ரோடு காலுக்குக் கிடைத்ததில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சந்தோஷம் என்றால் இதுதான் சந்தோஷம், வேறென்ன.

அது கொஞ்ச நேரம்தான். தண்ணீர் வைத்திருந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை, தாத்தா நல்லாருக்கீங்களா என்று கேட்டது. வந்த எல்லாரையும் அது அப்படித்தான் கேட்டது. ஞானதாஸ், இதற்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் வாங்காமல் போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தார். பின்னால், இருபதடி தள்ளி ஒரு தாத்தா.

முகமூடியைக் கழற்றவில்லை. அத்தனை பேரில் அந்த ஒரு ஆள் மட்டும் கழற்றவில்லை. முன்னால் தள்ளிய வயிறு அங்கிக்குள் குலுங்கியது.

"தலையணையோட வந்துட்டான்" என்று ஞானதாஸ் வாய்விட்டே சொன்னார்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். பின்னால் வந்தவனும் குறைத்தான். கூட்டினார். அவனும் கூட்டினான். முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. ஷூக்கயிறு கட்டுகிற மாதிரிக் குனிந்தார். அவன் ஒரு பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கி, தொங்கவிட்டிருந்த வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகமூடி போட்டுக்கொண்டு வாழைத்தார் பார்க்கிறவனை உலகத்தில் யார் நம்புவார்?

"யாருய்யா அது?" என்று கேட்டார்.

அவன் பேசவில்லை. கையை மட்டும் ஆட்டினான். கேரல் தாத்தா ஆட்டுவது போலவே ஆட்டினான். போதாதா? ஞானதாசுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ரோடு கிடைத்த சந்தோஷத்தையெல்லாம் அந்த ஆள் பின்னாலிருந்து குடித்துக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. நின்றுவிடுவேன் என்று வீட்டில் வீரம் பேசியது ஞாபகம் வந்தது. நின்றால் அவர்கள் ஜெயித்தார்கள் என்பதும் கூடவே உறைத்தது. இவனைக் கழற்றிவிட்டால்தான் ஓட்டம் நம்முடையது என்று காலை எட்டிப் போட்டார்.

மலையின் பின்பக்கம் லேசான மேடு. டாக்டர் மெதுவாக என்று சொன்னதெல்லாம் காற்றில் போனது. ஞானதாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் தொப் தொப்பென்று கால் சத்தம் விடாமல் வந்தது. அதோடு ஒரு இழுப்புச் சத்தமும் வந்தது, உடைந்த பம்ப்பில் காற்றடிக்கிற மாதிரி. நல்லா நடிக்கிறான், நடிக்கட்டும் என்று இன்னும் எட்டிப் போட்டார். வெயில் ஏறி, பனி விலகி, பாறை வெளியே தெரிந்தது. மேடு முடிகிற இடத்தில் பூக்கடையும் டீக்கடையும் இருந்தன. வேடிக்கை பார்க்க அங்கே ஒரு கூட்டம் நின்றது.

அந்த இடத்தில் பின்னால் வந்த கால் சத்தம் தடுமாறியது. தொபுக்கென்று ஒரு சத்தம். கூட்டம் ஹோவென்று சிரித்தது.

ஞானதாஸ் திரும்பிப் பார்த்தார். தாத்தா ஒருக்களித்து விழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புரண்டு, மல்லாந்து கிடந்தார். கூட்டத்திலிருந்த பிள்ளைகள் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன. சனம் கைதட்டியது. ஒருத்தர் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். இதைத்தான், இதையேதான் ஞானதாஸ் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்து காட்டினால் கிழவன் பதறிப்போய் நிற்பான், நின்றால் பந்தயம் போச்சு. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"போதும், எந்திரிடா, உன் விழுச்சி தெரியாதா எனக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத் திரும்பி ஓடினார்.

அதன் பிறகு பின்னால் யாரும் இல்லை. இறக்கம். காற்று எதிரே வந்தது. அந்தக் கடைசித் தூரத்தை ஞானதாஸ் ராஜா மாதிரி ஓடினார். நெஞ்சு ஒழுங்காக அடித்தது, கால் ஒழுங்காக விழுந்தது. மைதான வாசலில் மேளம் அடித்தார்கள். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து ஒருத்தன், "வந்துட்டாருய்யா எங்க மச்சான், ரயில்வே ஞானதாஸ், எல்லாரும் கைதட்டுங்க" என்று முழங்கிக்கொண்டிருந்தான்.

ஞானதாஸ் மேடையைப் பார்த்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. வேர்வை ஒரு பொட்டு இல்லை. ரொனால்டு.

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. இஞ்ஞாசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முதலில் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வருஷங்கள் இருக்கும். பிறகு அவருக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மாப்ள எங்கங்க? உங்க பின்னாடியேதான வந்தாரு?"

அவரும் வாசல் பக்கம் திரும்பினார். இனிமேல் சொன்னால் என்ன என்று அவளே சந்தோஷத்தில் சொல்லத் தொடங்கினாள். ஐப்பசியில் டாக்டர் கூட ஆள் வேண்டும் என்று சொன்ன மறுநாளிலிருந்து ஸ்டீபன்ராஜ் கடை திறப்பதற்கு முன்னால் ரயில்வே கேட் வரைக்கும் ஓடிப் பழகியிருக்கிறான். முதல் வாரம் வாந்தி எடுத்தானாம். ராத்திரிச் சோற்றை விட்டான். மாமாவுக்குத் தெரிந்தால் நின்றுவிடுவார், வைராக்கியக்காரர், அதனால் என்ன ஆனாலும் முகமூடியைக் கழற்றமாட்டேன் அத்தை என்று சொன்னானாம். பேசிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏங்க. எங்க அவரு?"

ஞானதாஸ் திரும்பி, வந்த வழியே ஓடினார்.

எதிரே சிவப்புச் சிவப்பாக வந்துகொண்டே இருந்தார்கள். முடிக்கிற இடம் நெருங்கவும் போட்டோவுக்காக எல்லாரும் முகமூடியை இறக்கிவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கன்னம், ஒரே தாடி, ஒரே சிரிப்பு. பெரிய வயிறாகத் தெரிந்த ஒவ்வொரு தாத்தாவையும் மறித்து, மாப்ளயா, மாப்ளயா என்று கேட்டார். ஒருத்தருடைய முகமூடியைப் பிடித்துத் தூக்கியே விட்டார். உள்ளே யாரோ ஒரு பேங்க் மேனேஜர். எதிர்த்திசையில் ஓடுகிற கிழவரைப் பார்த்து வழி தப்பிவிட்டார் என்று சிரித்தார்கள். இறக்கமாக வந்தது இப்போது ஏற்றம். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே ஏறினார். நெஞ்சுக்குள் வைத்த கம்பிவலை பிய்ந்தாலும் பிய்யட்டும் என்றிருந்தது.

பூக்கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஸ்டீபன்ராஜ் உட்கார்ந்திருந்தான். அங்கியைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே தலையணை இல்லை, அது அவனுடைய சொந்த வயிறுதான். பனியன் தண்ணீரில் நனைந்து ஒட்டியிருந்தது. உதடு கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. வலது மணிக்கட்டு வீங்கி வேறு பக்கம் பார்த்தது. பூக்கடைக்கார மணிமேகலை தன் முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ஞானதாசைக் கண்டதும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"முடிச்சுட்டீங்களா மாமா?" என்று கேட்டான்.

ஞானதாஸ் தலையை ஆட்டினார். அந்த ரத்த உதட்டோடு ஸ்டீபன்ராஜ் சிரித்தான். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சிரித்தான். அதில் தட்டிப் பார்க்க ஒன்றுமே இல்லை.

இதற்குள் இஞ்ஞாசியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். ஓட்டத்துக்கென்று நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் மைதானக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றதாம். அவள் மருமகனின் முகத்தைத் தன் கையால் துடைத்தாள். என்ன நடந்தது என்று யாரையும் கேட்கவில்லை. மணிமேகலைக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெளாட்டுன்னு நெனச்சுட்டோம்க்கா. கேரல்ல விழுவாகள்ல, அதுன்னு நெனச்சு பிள்ளைக எல்லாம் கையப் புடிச்சு இழுக்குதுக. ஒடஞ்ச கைய. நானும் நின்னு கைதட்டுனேன். முன்னாடி ஓடுன ஆளு ஒருத்தரு வேற திரும்பிப் பாத்து, எந்திரிடா உன் விழுச்சி தெரியாதான்னு சத்தம் போட்டுப் போனாரு. தெரிஞ்ச ஆளே சொல்லிட்டுப் போறாரேன்னு நாங்களும் செத்த நேரம் அப்படியே விட்டுட்டோம். அப்புறமும் எந்திரிக்கலையேன்னு மூஞ்சியக் கழட்டுனா, ஒதடு நீலமாக் கெடக்கு."

விழுந்தவனையே பார்த்துக்கொண்டு நின்றதால், அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாரும் ஒரே சிவப்பு அங்கிதானே.

"அது யாரோ அத்தை. மாமா எனக்கு ரொம்ப முன்னாடி போயிட்டாரு, அவருக்குத் தெரியாது" என்றான் ஸ்டீபன்ராஜ். இந்த முறை அவன் கண்ணைப் பார்த்தே சொன்னான், அத்தையின் கண்ணை.

"நான்தான்" என்றார் ஞானதாஸ்.

மணிமேகலை விசிறுவதை நிறுத்திவிட்டாள். ரொனால்டுன்னு நெனச்சேன் என்று சொல்ல வந்தார் ஞானதாஸ். அதைச் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். ரொனால்டாகவே இருந்தால் மட்டும் விட்டுவிட்டுப் போகலாமா?

இஞ்ஞாசியம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆட்டோக்காரரோடு சேர்ந்து மருமகனைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் உட்கார வைத்தாள். வீங்கின கையைத் தன் மடியில் வைத்துக்கொள்கிற மாதிரிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

"நீங்க விழாம, நிக்காம முடிச்சுட்டீங்க. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளையில இருந்து ஓடுங்க. வடமதுரை ரோட்டுல ஓடுங்க, எங்க வேணா ஓடுங்க. பின்னாடி யாரும் வரமாட்டோம்."

அத்தை என்று ஸ்டீபன்ராஜ் ஏதோ சொல்லப் போனான். நீங்க பேசாம வாங்க மாப்ள என்றாள். ஆட்டோ கிளம்பியது.

ஞானதாஸ் ரோட்டில் நின்றார். கேட்டது கிடைத்துவிட்டது. அவரை இனி ஒருத்தரும் தடுக்கமாட்டார்கள். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அதை நினைத்ததும் அவருக்கு முதுகு சில்லென்று ஆனது. மணிமேகலை இன்னொரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, உட்காருங்கய்யா, நீங்களும் ஒரு மாதிரியா இருக்கீக என்றாள். அவர் உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ டீக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தது. அவர் அதன் பின்னால் ஓட ஆரம்பித்தார்.

கால் இப்போது சொன்னபடி கேட்கவில்லை. அங்கி முழங்காலில் சிக்கியது. எதிரே வந்த ஒரு சிவப்புத் தாத்தா, பெருசு ஓட்டம் முடிஞ்சுபோச்சு, அந்தப் பக்கம் பிரியாணி இல்ல என்று கத்தினார். ஞானதாஸ் காதில் வாங்கவில்லை. ஆட்டோ தூரமாகிக்கொண்டே போனது. வளைவு வந்தால் மறைந்துவிடும்.

வளைவுக்கு முன்னால் ஆட்டோ மெதுவானது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. குறுக்கே மாடு இல்லை, வேகத்தடையும் இல்லை. ஏன் மெதுவாகப் போகிறது என்று ஞானதாஸ் யோசிக்கவில்லை. ஓடினார்.